மலைக்குப் போன சாறு

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. நான் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் குடித்ததையும் காய்ச்சியதையும் எழுதியே என் உத்தியோகம் தீர்ந்தது. என் மனைவி திராட்சை ஆராய்ச்சி மையம் ஒன்றில் விஞ்ஞானி. வெள்ளை ஒயின் செய்வது அவள் வேலை. வாயில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாள். வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். போடியில் ஒரு கல்யாண வீட்டில் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, "அக்கா காய்ச்சுறாக, மாமா பிடிக்கிறாக, தொழில் வீட்டுக்குள்ளயே முடிஞ்சிருது" என்றார் சொந்தக்காரர் ஒருவர். அதே வாக்கியத்தை அதன்பின் பல கல்யாணங்களில் கேட்டேன். இலையைப் பார்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எதுவும் பெரிதாக உறைப்பதில்லை. கால் மரத்துப்போவதாகச் சொன்னதும் தேனியில் டாக்டர் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை இல்லை. வேறு எங்காவது மரத்துப்போகிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் செய்தித்தாள், பத்து மணிக்கு மோட்டார் போடுவது, மாலையில் அவளை அலுவலகத்தில் இருந்து கூட்டிவருவது. துக்கம் என்று சொல்ல முடியாது. காதில் தண்ணீர் புகுந்தவனுக்கு ஊர்ச் சத்தம் கேட்பது போல எல்லாம் கொஞ்சம் தள்ளிக் கேட்டது, அவ்வளவுதான்.

அவளுடைய கடைசிச் சோதனை இந்த நிலைமையில்தான் வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்குவது பன்னீர் திராட்சை. தோல் கறுப்பு, உள்ளே சாறு வெளிறியது. பழத்தை உடனே பிழிந்து தோலை விலக்கிவிட்டால் கறுப்புத் திராட்சையில் இருந்தே வெள்ளை ஒயின் வரும். ஆனால் அந்தச் சாறு குளிரில்தான் நொதிக்க வேண்டும். சூட்டில் பொங்கினால் பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வாங்கிக்கொடுத்த வாசனை காற்றோடு போய்விடும். அதற்காக மையத்தின் பின்கட்டில் குளிரூட்டும் இயந்திரம் இரவும் பகலும் ஓடும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டர் ஓடினால் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வந்து சத்தம் போடுவார்.

ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தை மாசம் மேகமலையில ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது. குளிரு அங்கன சும்மா கிடக்கு. நாம இங்கன உக்காந்து கரண்ட்டப் போட்டுக் குளிர் செஞ்சுக்கிட்டிருக்கோம்."

"மலையைக் கீழ கொண்டுவரப் போறியா?" என்றேன்.

"சாறை மேல கொண்டுபோறேன்."

மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பயன்படாமல் கிடந்த கல் கட்டட அறை ஒன்றைத் தோட்டத்து மானேஜர் கொடுத்தார். காலையில் கீழே பிழிந்து, சூடேறுவதற்குள் மேலே கொண்டுபோய், அங்கே ஈஸ்ட் சேர்த்து, மலைக் குளிரிலேயே நொதிக்கவிடுவது என்பது திட்டம். சாறு கெடாமல் இருக்கப் போடும் கந்தக உப்பையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். மருந்தும் குறைய வேண்டும், மின்சாரமும் குறைய வேண்டும் என்பது அவள் கணக்கு.

சித்திரையோடு அவளுக்கு ஓய்வு. மலைக் குளிர் மார்கழி, தை இரண்டு மாதம்தான். ஆகவே ஒரே ஒரு வாய்ப்பு. சோதனை தேறினால் மையம் அந்த முறையை ஏற்று, அடுத்து வருபவர் தொடர்வார். தேறாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மூடிய கோப்பை மறுபடி திறந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் இதைப் பற்றி அவள் பேசவில்லை. ஆனால் அந்த மாதங்களில் குழம்பில் உப்பு ஒருநாள் இருந்தது, ஒருநாள் இல்லை.

உரிம வேலைகளை மையத்தில் என்னிடம் கொடுத்தார்கள். ஊதியம் கிடையாது, 'சிறப்பு அழைப்பாளர்' என்ற பட்டம் உண்டு. மலை அறையில் ஆராய்ச்சிக்காக ஒயின் செய்ய உரிமம் வாங்கினேன். ஒயினை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். வெறும் சாற்றுக்கு ஒன்றும் வேண்டாம். சட்டத்தின் கண்ணில் அது இளநீர் மாதிரி. "மேல போற வரைக்கும் அது சாறா இருக்கணும், அவ்வளவுதான்" என்று அவளிடம் சொன்னேன்.

"சாறுகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

தையில் ஒரு நாள் விடிவதற்குள் பழம் வெட்டி, பிழிந்து, நீல நிற டிரம்களில் நிரப்பி ஜீப்பில் ஏற்றினோம். டிரைவர் சின்னமனூர்க்காரர். வாய் ஓயாது. சாறு என்று தெரிந்ததும், "அம்மா, ரோடு போடுற குலுக்குல இது மேல போறதுக்குள்ள தயிராட்டம் கடைஞ்சு வெண்ணெய் திரண்டுரும்" என்றார். அவள் சிரித்தாள். நான் பின்னால் டிரம்களோடு உட்கார்ந்திருந்தேன்.

சின்னமனூர் தாண்டி மலைப்பக்கம் திரும்பியதும் தேயிலை லாரி ஒன்று அச்சு முறிந்து வழியில் குறுக்கே கிடந்தது. அதை நகர்த்த ஆள் வந்து, கயிறு வந்து, டிராக்டர் வர வேண்டியிருந்தது. தையானாலும் பள்ளத்தாக்கு வெயில் பள்ளத்தாக்கு வெயில்தான். அவள் துணியை நனைத்து நனைத்து டிரம்கள் மேல் போட்டாள். தண்ணீர் தீர்ந்ததும் எங்கள் குடிதண்ணீரையும் ஊற்றினாள். டிரைவர் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தார்.

அடிவாரத்து வனச் சோதனைச் சாவடியை அடைந்தபோது நல்ல வெயில். காவலர் நடுவயதுக்காரர். ஜீப்பைச் சுற்றி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அய்யா, நீங்க கலால்ல இருந்தீகள்ல? எங்க மச்சானைப் பிடிச்சீகளே, வருசநாட்டுப் பக்கம்."

"எந்த மச்சான்?"

"ஊறல் போட்டிருந்தாரே."

"அப்படிப் பல பேரு."

"இப்பத் திருந்திட்டாரு. கேரளாவுல ஏலத்தோட்டத்துல சூப்பர்வைசரு. உங்க கையால பிடிபட்ட பிறகுதான் வீட்டுக்கே ஒழுங்கா வந்தாருன்னு எங்கக்கா சொல்லும்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நடைமுறை நூல் எதிலும் இல்லை. நன்றி என்றேன்.

"டிரம்முல என்னங்கய்யா?"

"திராட்சைச் சாறு. ஆராய்ச்சிக்கு."

அவர் தலையாட்டிக்கொண்டே கையை ஒரு டிரம்மின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. குனிந்து காதை வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. பாதியாகக் குறைத்த கந்தக உப்பு வெயிலில் தோற்றுவிட்டது. பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒட்டியிருக்கும் ஈஸ்ட், யாரும் சேர்க்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது.

"அய்யா, இது பேசுதே."

"குலுங்கி வந்திருக்கு. காத்தா இருக்கும்."

"காத்துப் பேச்சு வேற. மச்சான் வீட்டுப் பின்னாடி நான் கேட்ட பேச்சு இது." நிமிர்ந்து குரலைத் தாழ்த்தினார். "இது ஊறல்ங்கய்யா."

ஊறல் என்பது எங்கள் துறையின் சொல். சாராயம் காய்ச்சுவதற்கு முன்னால் வெல்லமும் பட்டையும் போட்டு நொதிக்கவிடும் நீர். காய்ச்ச வேண்டியதில்லை, ஊறல் இருந்தாலே குற்றம். ஒயினுக்கு அந்தச் சொல்லை எவரும் பயன்படுத்துவதில்லை. ஒயின் தயாரிப்பவர்கள் கோட்டுப் போடுகிறார்கள், அதனால் அவர்களுடையது நொதித்தல். ஆனால் டிரம்முக்குள் கேட்கும் சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

"எனக்கென்னங்கய்யா தெரியும், நீங்கதான் படிச்சவுக" என்றார் காவலர். "நீங்களே காதை வச்சுப் பாருங்க. சாறுன்னாச் சாறு, குறுக்குக் கட்டையத் தூக்கிடுறேன். ஊறல்னா ஊறல், போனப் போடுறேன். உங்க வாய்ல இருந்து வரட்டும்."

"சீக்கிரம் ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க சார், டயரு உருகுது" என்றார் டிரைவர்.

நான் காதை வைத்தேன். வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வரும் இரைச்சல். அதற்கடியில் சின்னச் சின்னதாக எதுவோ உடைந்துகொண்டே இருந்தது. உத்தியோக காலத்தில் தோப்புகளிலும் கிணற்று மேட்டிலும் பல முறை கேட்டது. அப்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அடிக்கவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள், ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி.

"சாறுதான்" என்றேன்.

காவலர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அய்யா சொல்லீட்டாக" என்று கட்டையைத் தூக்கினார்.

நான் சொன்னது தவறென்று காட்ட ஆய்வக அறிக்கை வேண்டும். ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் எந்தச் சாறும் ஊறலாகிவிடும். ஆகவே அந்தக் கட்டத்தில் அது சாறா இல்லையா என்பதை உலகத்தில் எவரும் நிரூபிக்க முடியாது. சட்டத்தில் இப்படிச் சில இடங்கள் உண்டு. அங்கே நின்றுகொள்ளப் பயிற்சி வேண்டும்.

ஜீப் வளைவில் ஏறியதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சாறுன்னு சொன்னீங்க."

"சட்டப்படி சாறு."

"கெமிஸ்ட்ரிப்படி?"

"அது உன் டிபார்ட்மென்ட்டு."

அவள் கைப்பையில் இருந்து வெப்பமானியை எடுத்து டிரம்முக்குள் விட்டுப் பார்த்தாள். நேரம் கேட்டாள். சொன்னேன். குலுங்கிய ஜீப்பில் கோணல்மாணலாக அதைக் குறித்துக்கொண்டாள்.

மேலே போனதும் கல் அறையின் குளிர் டிரம்களை அடக்கியது. அவள் தன் ஈஸ்ட்டைச் சேர்த்தாள். வாரக்கணக்கில் மெதுவாக நொதித்தது. விடுமுறை நாட்களில் அவளைக் கூட்டிப்போவேன். உள்ளே அவள் வேலை செய்வாள், நான் வெளியே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேகம் வந்து வீடுகளை மூடும், விலகும். மாசி கடைசியில் ஒயின் தெளிந்துவிட்டது. ஒருநாள் கண்ணாடிக் குவளையோடு வெளியே வந்து, "மோந்து பாருங்க" என்றாள். பார்த்தேன். பந்தலுக்கு அடியில் நிற்கிற வாசனை. இயந்திரக் குளிரில் செய்ததில் இந்த வாசனை பாதிகூட நின்றதில்லை என்றாள். அன்றைக்கு அவள் துப்பினாளா என்று நான் கவனிக்கவில்லை.

சித்திரையில் மையத்தின் ஆய்வுக் குழு கூடியது. சிறப்பு அழைப்பாளராக நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ருசி பார்த்தார்கள். தலைவர் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார், அது நடைமுறையில் இல்லாதது. பிறகு அறிக்கையைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், நொதித்தல் அடிவாரத்துலயே, வெயில்ல ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. நேரம், வெப்பநிலை எல்லாம் போட்டு."

"ஆமா சார்."

"அது எதுக்கு? மலைக் குளிர்ல செஞ்சோம்ங்கிறதுதான நம்ம சோதனை? தவிர, அனுமதி இல்லாம ஊர்வழியா ஒயின் கொண்டுபோனோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அந்த ஒரு வரிய எடுத்துட்டா இன்னிக்கே கையெழுத்துப் போட்டுருவேன்."

"எடுக்க முடியாது சார்" என்றாள் அவள். "இந்த வாசனை மலை குடுத்ததா, இல்ல வழியில வெயில்ல தானா ஆரம்பிச்ச அந்த ஈஸ்ட் குடுத்ததா, எனக்குத் தெரியாது. தெரியாததை மலைன்னு எழுதினா, அடுத்து வர்றவங்க அதை நம்பி மலையேறுவாங்க."

"அப்ப முடிவு இல்லாத சோதனை ஆயிருது. திரும்பச் செய்யறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

"ஆமா."

 தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், நடைமுறையெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அம்மா எழுதினதும் இருக்கணும், இதும் பாஸ் ஆகணும். வழி ஏதும் இருக்கா?"

வழிகள் இருந்தன. ஈஸ்ட் சேர்த்த நேரத்தையே நொதித்தலின் தொடக்கம் என்று வரையறுத்துவிடலாம். அந்த வரியைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடலாம், பின்னிணைப்பை எவரும் படிப்பதில்லை. சோதனையின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், தோல்வி வெற்றியாகிவிடும். பதவிக்காலத்தில் இதையெல்லாம் மற்றவர்களுக்குச் செய்துகொடுத்திருக்கிறேன், சிலர் அதில் பதவி உயர்வும் பெற்றார்கள்.

மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு என்னைத் தெரியும். என்னிடம் வழி இருக்கிறது என்பதும் தெரியும். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள், ஆனால் சோதனைச் சாவடியில் காத்திருந்தது போல இல்லை. அன்றைக்கு அவள் முகத்தில் பயம் இருந்தது. இன்றைக்கும் இருந்தது, ஆனால் இன்றைக்கு அவள் பயந்தது என்னைப் பார்த்து.

"இல்லை" என்றேன்.

தலைவர் பெருமூச்சுவிட்டு எழுதினார். நடைமுறை விஷயத்தில் வழி இல்லை என்று நான் சொன்னால் மறுபடி கேட்கிறவர் கிடையாது. சோதனை முடிவுக்கு வரவில்லை, கோப்பு மூடப்படுகிறது. எல்லோருக்கும் முந்திரிப் பருப்பும் டீயும் வந்தன.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. காரில் ஏறியதும் அவள் கைப்பையைத் துழாவினாள்.

"மலை ரூம் சாவி என்கிட்டயே இருக்கு."

"யார்கிட்டயாவது குடுத்துவிடலாம்."

"வேணாம். நாமளே போய்க் குடுப்போம். உங்களுக்கு ஒண்ணும் வேலை இல்லையே?"

இல்லை என்றேன். சின்னமனூர் சாலையில் வண்டியைத் திருப்பினேன். கொஞ்ச தூரம் போனதும், இந்தத் தடவையாவது நாம் குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டும், நிறுத்துங்கள் என்றாள். நிறுத்தினேன்.