படத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி

கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். ஒருநாள் காலை வத்தளையிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் விழாவுக்குக் கேக் வேண்டுமாம். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்டார்.

"அக்கா, நீங்க கேக்தானே விக்கிறீங்க? உங்கட வெப்சைட் வேற என்னமோ சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"எனக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டர்தான் எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லும். நீங்களே கேளுங்க."

போனைக் கம்ப்யூட்டருக்குக் கிட்டப் பிடித்தார். உயிரில்லாத ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: "படம். சிறுவர் சவப்பெட்டி. வெள்ளை. மூன்றடி."

நானும் அதே பக்கத்தைத் திறந்தேன். அங்கே இருந்தது வெள்ளை ஐசிங் போட்ட முதல் நன்மைக் கேக். கை தானாகச் சிலுவை அடையாளம் போட்டது.

இணையத்தளம் செய்து தந்தவரைப் பிடித்து விசாரித்தேன். முன்பு சவப்பெட்டி விற்று இறுதிச்சடங்கு நடத்தும் ஒரு மலர்ச்சாலைக்குச் செய்த தளத்தில் படங்களை மட்டும் மாற்றியிருக்கிறார். பார்வையற்றோருக்காகப் படத்தின் பின்னால் எழுதும் விவரத்தைத் தொடவேயில்லை.

"அதை ஆர் பார்க்கப் போறது?" என்றார். அவருக்கு நான் கொடுத்த ஏச்சு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அன்றே எல்லா விவரங்களையும் நானே எழுதினேன். இப்போது புதுப் படம் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு முழுப் பக்கத்தையும் காதால் கேட்ட பிறகுதான் வெளியிடுகிறேன்.

ஆனால் தளம் தொடங்கிய நாளிலிருந்து ஏழு மாதமாக அந்தக் குரல் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ; என்னை அழைத்துக் கேட்டவர் அந்த வத்தளைப் பெண் ஒருவர்தான்.