டிராக்டர் ஆயில் ஊற்றிய கார்

ராஜபாளையத்தில் வீட்டு வாசலில் காரைக் கிளப்பவே நெடுநேரம் பிடித்தது. கிளம்பிய பிறகும் இன்ஜின் உதறியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒழுங்காக ஓடியது, காலை எடுத்தால் குலுங்கி நிற்கப் பார்த்தது. பின் சீட்டில் தங்கை, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, ட்ராக் பேன்ட்டும் ஷூவுமாக உட்கார்ந்திருந்தாள். அன்று விருதுநகர் மைதானத்தில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். காலை ஏழு மணிக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

முன் சீட்டில் அப்பா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீடுதான் அவருடைய ரெஜிமென்ட்.

நான் மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன். உதறலைக் கேட்டதுமே சந்தேகம் வந்தது. ஆயில் மாற்றினீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். போன வாரம் தானே மாற்றியதாகப் பெருமையோடு சொன்னார். அய்யனார் கோவில் ரோட்டில் உள்ள எங்கள் தோப்பில், டிராக்டருக்கு வாங்கிய ஆயில் மூடியில்லாத கேனில் மிச்சம் கிடந்ததாம். கடைக்காரன் ஊற்றுவது தண்ணீராக ஓடுகிறது, இது கெட்டி, இன்ஜினுக்குத் தெம்பு என்றார். எங்கள் ஊரில் மோரோ ஆயிலோ, கெட்டியாக இருந்தால்தான் மதிப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இன்ஜின் மூச்சு விடுவது வால்வுகள் வழியாக. ஒன்று காற்றை உள்ளே விடும், இன்னொன்று புகையை வெளியே விடும். அவற்றைத் திறந்து மூட வைப்பது கேம் ஷாஃப்ட். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது காற்று உள்ளே வர அவகாசம் போதாது, வால்வு கொஞ்சம் முந்தித் திறந்தால் நல்லது. மெதுவாகச் சுழலும்போதும் அப்படியே முந்தித் திறந்தால் புகை உள்ளே திரும்பி, இன்ஜின் திணறும். பழைய வண்டிகளில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே நேரத்தை வைத்துச் சமாளித்தார்கள். எங்கள் காரில் கேம் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள சக்கரத்துக்குள் ஆயில் அழுத்தத்தோடு புகுந்து, ஷாஃப்ட்டைத் தேவைக்கேற்ப முன்னும் பின்னும் சற்றே திருப்பும். ஆயில் போகும் துளைகள் மிகச் சிறியவை. அதில் கெட்டி ஆயிலும் தோப்புப் புழுதியும் போயிருக்கிறது. சக்கரம் முந்தித் திறக்கும் நிலையிலேயே சிக்கிவிட்டது என்று ஊகித்தேன். வேகமாகப் போகும்வரை பாதகமில்லை. இன்ஜின் அணைந்தால் தொலைந்தோம். அதை அப்பாவிடம் சொல்லவும் செய்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தின் பக்கம் கோவிலுக்குப் போகிறவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரையும் அழுத்தி நின்றேன். வண்டி உறுமியது. எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டித் திட்டியே விட்டார். வெட்கம் பார்க்க நேரமில்லை.

சிவகாசி ரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கேயும் உறும விட்டபடியே நின்றேன். தங்கை நேரம் கேட்டாள். கைபேசியை எடுத்துப் பார்க்கத் திரும்பினேன். அந்த நொடியில் அப்பா கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். கேட் போட்டால் இன்ஜினை அணைப்பது அவருடைய ஆயுள் பழக்கம். கை தானாகப் போய்விட்டது.

மறுபடி முடுக்கினேன். பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப முடுக்கியதில் பழைய பேட்டரியும் ஓய்ந்தது.

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவ பொழப்பக் கெடுத்துட்டு ஒக்காந்திருங்க."

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். மழைக்குக்கூட அடுத்தவர் குடைக்குள் நுழையாத மனிதர், நின்ற வண்டி ஒவ்வொன்றின் அருகிலும் போய்க் கைகூப்பினார். இரண்டு பேர் தலையசைத்து மறுத்தார்கள். ஒரு காய்கறி வேனின் ஜன்னலில் அவர் குரல் கேட்டது.

"எம்மவள விருதுநகர்ல எறக்கி விட்டுருங்கய்யா. புண்ணியமாப் போகும்."

வேன்காரரின் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தார். கேட் திறந்தது. உள்ளே போகுமுன் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தங்கை சொல்லிவிட்டு ஏறினாள். உள்ளே விடாவிட்டால்தான் கூப்பிடுவாள்.

நாங்கள் இருவரும் காரைத் தள்ளி ஓரம் கட்டினோம். தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குத் தகவல் சொன்னேன். பிறகு மைல்கல்லில் உட்கார்ந்து, மணி அடிக்கக் கூடாதே என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த ஆயிலு எங்கன போயி அடைக்கும், சொல்லு" என்றார் அப்பா.

முதலில் கடுகடுவென்றுதான் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுநடுவே கைபேசியைப் பார்த்தார். சக்கரம் எப்படித் திரும்பும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தபோது ஏழு மணி தாண்டியது. அதற்குப் பிறகு இருவரும் கைபேசியையே பார்த்தோம்.

ஏழரை ஆகும்போது கைபேசி அடித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எடுத்தேன். மெக்கானிக். வழியில் டயர் பஞ்சராகிவிட்டது, தாமதமாகும், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். யார் என்று சொன்னதும் அப்பா என் கையிலிருந்து கைபேசியை வாங்கினார்.

"மெதுவாவே வாங்க தம்பி" என்றார். "இங்க ஒண்ணும் அவசரமில்ல."