ஒரே ஆணியில் பதினான்கு காலண்டர்கள்

"அண்ணே, கட்டில்ல இந்தப் பக்கம் யாரு படுக்கிறா?"

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் படுக்கையறை வாசலில் நின்று கோமதி கேட்ட முதல் கேள்வி இது. பையைக்கூட இன்னும் திறக்கவில்லை. காற்றை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்... அவ்வளவுதான்.

"எஸ்தர்" என்றேன். "என் வீட்டுக்காரம்மா."

"எத்தன வருசமா?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து. பதினாலு வருசம் ஆச்சி."

சட்டைப் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

உங்கள் படுக்கையறைக்குள் நுழைய ஒருவர் முகக்கவசம் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு முதலில் வந்தது கோபம். அடுத்து வெட்கம். பயம் மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது போகவில்லை.

கோமதி லகாட் ஊர்க்காரி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஏர்கோன், அதாவது குளிர்சாதனப் பெட்டி, கழுவும் வேலையில் தொடங்கி, இப்போது வீடுகளிலும் ஆபீசுகளிலும் காற்றைச் சோதிக்கிறாள். காற்றைச் சோதிக்க ஓர் ஆளா? ஆமாம், நானும் இப்படித்தான் சிரித்தேன். தண்ணீரைச் சோதிப்பார்கள், ரத்தத்தைச் சோதிப்பார்கள்... சும்மா கிடக்கிற காற்றில் என்ன இருக்கப்போகிறது?

சிரித்ததற்குக் காரணம் உண்டு. எஸ்தரின் இருமல் எதனால் என்று நான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

எஸ்தர் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் புந்தோங்கில் எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவில் முன்வரிசை. அவள் குரல் எழும்பினால் சுவரில் உள்ள மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவதாக எனக்குத் தோன்றும். அந்தக் குரல் ஐந்து மாதங்களுக்கு முன் இருமலாக மாறியது. முதலில் விடியற்காலையில் மட்டும். பிறகு வகுப்பில். பிறகு பாட்டின் நடுவில். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனாள். அங்கே வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில், போகவே இல்லை.

நான் சொன்னேன்: "லீமாவ் ஐஸ்!"

அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது. பள்ளி விட்டு வந்ததும் எலுமிச்சை பிழிந்து, ஐஸ் மிதக்க மிதக்க ஒரு பெரிய கிளாஸ். "தொண்டைய வச்சிப் பொழைக்கிறவங்க ஐஸ் குடிப்பாங்களா? சொன்னா கேக்கிறியா நீ?" — ஒரு நாள் இல்லை, தினமும் சொன்னேன். அவள் நிறுத்தினாள். இருமல் நிற்கவில்லை. "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட படுக்கிற" என்றேன். அதையும் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாள்... இருமல் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் லூமுட்டில் அவள் அக்கா வீட்டில் நான்கு நாள் இருந்தோம். நான்கு நாளும் அவள் இருமவில்லை. "கடல் காத்து" என்றேன் நான், பெரிய வைத்தியன் மாதிரி. வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, இருமல் வாசலிலேயே காத்திருந்த மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது.

கிளினிக்கில் ஒரு டாக்டர்தான் கேட்டார்: "வெளியூர் போனா குறையுதா? அப்ப வீட்டப் பாருங்க. எங்கயாச்சும் ஈரம் இருக்கா?"

ஈரமா? எங்கள் வீட்டிலா? வாசலில் காலை வைத்தால் வழுக்கும், அப்படித் துடைப்பாள் எஸ்தர். கோமதி வருகிறாள் என்று அன்று காலையும் துடைத்துவிட்டாள். மல்லிகை வாசத் திரவம் ஊற்றி!

"அக்கா, எதையும் கழுவாதீங்க, வழக்கம்போல விடுங்கன்னு போன்ல சொன்னேனே..."

"வீட்டுக்கு ஆள் வர்றப்ப எப்படிம்மா அப்படியே விடறது?"

"ஒட்டடைய எதிர்பார்த்து வந்தா மல்லிய நீட்டுறீங்க லா! சரி, ரூமயும் தொடச்சிட்டீங்களா?"

"ரூமுக்குள்ள யாரு வரப்போறான்னு விட்டுட்டேன்."

"நல்ல வேள" என்றாள் கோமதி.

வேலையைத் தொடங்கினாள். ஒரு சின்னப் பம்ப். அதன் வாயில் வட்டமான ஒரு பிளாஸ்டிக் டப்பி. பம்ப் இழுக்கிற காற்றில் உள்ளதெல்லாம் அந்த டப்பிக்குள் ஒட்டிக்கொள்ளுமாம். எங்கள் அறையில் ஒன்று. அதேபோல வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று.

"வெளிய எதுக்கும்மா? அங்கதான் மோட்டர்சைக்கிளும் பஸ்ஸும் போவுதே."

"வெளிய எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அண்ணே உள்ள எவ்வளவு கூடன்னு சொல்ல முடியும்? பூஞ்சக்காளான் வித்து எல்லா எடத்துலயும் மெதக்கும். கேள்வி அது இல்ல. ஒங்க வீட்டுக்குள்ளயே அது குடும்பம் நடத்துதான்னுதான் பாக்கணும்."

சுவரைத் தொட்டுப் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"மொதல்ல காத்து, அப்புறந்தான் சொவரு. சொவர மொதல்ல கலச்சிட்டா காத்து பொய் சொல்லும்."

காற்று பொய் சொல்லுமா? முப்பது வருடமாகக் காற்றை வைத்துப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் நான். தென்றல் என்றும் ஊதல் என்றும் எத்தனை பக்கம்! ஒருமுறையாவது அதனிடம் உண்மை கேட்டிருக்கிறேனா?

இன்னொரு மீட்டரைக் கட்டில் மேல் வைத்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. "காத்து வெளிய போக வழியே இல்லியே. நீங்க ரெண்டு பேரும் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு இருக்கீங்க. ஜன்னலுக்கு மேல ஓட்ட வச்ச கல்லு இருக்குமே, அது எங்க?"

அடைத்தவன் நான். ஏர்கோன் மாட்டிய வருடம், பலகை வெட்டி, ஓரமெல்லாம் சிலிக்கோன் பூசி, ஓர் எறும்பு நுழைய முடியாதபடி அடைத்தேன். ஏன் தெரியுமா? நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். பலகைச் சுவர், விரல் நுழையும் இடுக்கு. பக்கத்து வீட்டு இருமல் எங்கள் பாயில் வந்து படுக்கும். எங்கள் வீட்டுச் சண்டை அவர்கள் சோற்றில் போய் விழும். சொந்த வீடு கட்டினால் ஓர் இடுக்குக்கூட இருக்கக்கூடாது என்று சபதமே எடுத்திருந்தேன். சபதம் நிறைவேறிவிட்டது. பாருங்கள், என் மனைவியின் இருமல்கூட வெளியே போகவில்லை.

அடுத்து, இரண்டு ஊசி முனை வைத்த கருவி. ஈரத்தைத் தொட்டால் கத்தும். கதவோரம் வைத்தாள் — அமைதி. ஜன்னலோரம் — அமைதி. கட்டிலின் தலைமாட்டில், எஸ்தர் படுக்கும் பக்கம் வைத்தாள்.

கத்தியது. நிறுத்தாமல் கத்தியது.

"சொவத்துக்கு அந்தப் பக்கம் குளியலறையா?"

"ஆமா."

"இதக் கழட்டலாமா அக்கா?"

அவள் காட்டியது காலண்டரை.

இதை விளக்க வேண்டும். எங்கள் தேவாலயத்தில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு காலண்டர் தருவார்கள். பெரியது, வழவழப்பான தாள், மேலே தகரப் பட்டை. அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆண்டு முடிந்ததும் என்ன செய்வது? வேத வசனத்தைக் குப்பையில் போட முடியுமா? முடியாது. அதனால் பழையதைக் கழற்றாமல், அதே ஆணியில், அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவோம். சாமி படக் காலண்டர் வைத்திருக்கும் என் நண்பர்கள் வீட்டிலும் இதே கதைதான். ஆணி ஒன்று, ஆண்டுகள் பல.

எஸ்தர் அதைத் தன் தலைமாட்டில்தான் மாட்டுவாள். "வசனத்துக்குக் கீழ தல வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்பாள்.

கோமதி தரையில் பிளாஸ்டிக் விரித்தாள். ஏர்கோனை நிறுத்தினாள். எங்களை வாசலுக்கு அனுப்பினாள். பிறகு மெதுவாக, பதினான்கையும் மொத்தமாக ஆணியிலிருந்து தூக்கினாள்.

எஸ்தர் "இயேசுவே!" என்றாள்.

சுவர் அங்கே இல்லை. காலண்டரின் அளவுக்கு, அதே நீள்சதுரத்தில், ஓர் உடம்பு இருந்தது. கறுப்பும் பச்சையும் சாம்பலும் கலந்து, மயிர் முளைத்து, நடுவில் ஈரமாக மின்னிக்கொண்டு. கடைசியில் இருந்த காலண்டர் சுவரை விட்டு வர மறுத்தது. பாதி கிழிந்து அங்கேயே நின்றது. எழுத்துகள் இருந்த இடத்தில் துளைத் துளையாக இருந்தது. காகிதத்தைத் தின்றே வளர்ந்திருக்கிறது. நாங்கள் ஆண்டுதோறும் புத்தாண்டுப் பரிசாக அதற்கு ஒரு சாப்பாடு மாட்டிவிட்டிருக்கிறோம்.

அதற்கு நேர் கீழே, ஒரு முழம் தள்ளி, எஸ்தரின் தலையணை.

வாடை வந்தது. அந்த வாடையை எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

உங்களுக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்பு, ஒரு மழை மாதத்தில், இதே பக்கத்தில் எழுதினேனே... எங்கள் படுக்கையறையில் ஒரு மணம் உண்டு, மழை வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்ட மணம் என்று! எத்தனை கடிதங்கள்! தைப்பிங்கிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார்: மறைந்த கணவரின் புத்தக அலமாரியிலும் அதே மணம் இருக்கிறதாம். தினமும் மாலையில் அதன் கதவைத் திறந்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாராம். நான் என்ன பதில் எழுதினேன்? "இன்னும் ஆழமாக இழுங்கள் அக்கா" என்று எழுதினேன்.

அச்சில் எழுதினேன்.

"இதுதான் எஸ்தருக்கு இருமல் குடுத்துச்சா?" என்று கோமதியிடம் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடு, இல்லை என்று சொல்லிவிடு... இரண்டும் வேண்டியிருந்தது எனக்கு.

"அத நான் சொல்லக்கூடாது அண்ணே, டாக்டர்தான் சொல்லணும். கறுப்பா இருக்கிறதெல்லாம் கொடிய விஷம்னும் பயப்படாதீங்க. ஆனா காரணம் தெரியிற வரைக்கும் அக்காவ இங்க படுக்கவச்சிப் பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது. இன்னிக்கே ஹாலுக்கு மாத்துங்க."

காலண்டர்களைப் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டினாள். "குப்பையில போட்டுருங்க. எரிக்காதீங்க."

அவ்வளவு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த எஸ்தர் திரும்பினாள். "வசனத்தயா? குப்பையிலயா? முடியாது."

"அக்கா, அதுல இப்ப குலாட்தான், பூஞ்சக்காளான்தான் இருக்கு. வசனம் இல்ல."

"பாஸ்டர் சொல்லட்டும்."

நான்தான் போதகருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது: "சிஸ்டர், அந்தந்த வருசத்து வசனம் அந்தந்த வருசம் ஒங்களோட நடந்துச்சில்ல? போதும். தாராளமாப் போடுங்க."

எஸ்தர் தலையசைத்தாள். நான் நன்றி சொல்லப் போனேன். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். தகரப் பட்டை சுவரில் உரசும் சத்தம். பிறகு, மிகவும் தணிந்த குரல்:

"பிரதர்... அந்தப் பொண்ணு நம்பர் கொஞ்சம் குடுங்க."

ஒரு வாரத்தில் ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. பஸ் போகிற சாலையோரக் காற்றைவிட, நாங்கள் அடைத்து, துடைத்து, வசனம் மாட்டிக் காத்த அறையின் காற்றில் வித்துகள் பல மடங்கு. குளியலறைச் சுவருக்குள் ஒரு பைப் மூட்டு சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சரிசெய்தோம். சுவர்ப் பூச்சைக் கொத்தி எடுத்து, காயவிட்டு, புதிதாகப் பூசினோம். பலகைகளை நானே பிடுங்கினேன். சிலிக்கோன் எளிதில் விடவில்லை, சபதமல்லவா!

டாக்டர் மருந்தை மாற்றித் தந்திருக்கிறார். எஸ்தர் ஹாலில், ஜன்னல் திறந்து, கொசுவலைக்குள் படுக்கிறாள். மூன்று வாரம் ஆகிறது. இருமல் போய்விட்டது என்று எழுத ஆசை. ஆனால் இந்த மூக்கை நம்பி ஒருமுறை எழுதிப் பட்டது போதும். குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். போன ஞாயிறு பின்வரிசையில் நின்றாள். இரண்டு சரணம் பாடினாள். மூன்றாவதற்கு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சை பிழிந்தாள். ஐஸ் போட்டாள். என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

தைப்பிங் அக்கா, உங்கள் கடிதத்தில் முகவரி இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். அன்று நான் எழுதிய பதில் தவறு. இன்று மாலை மூச்சை இழுக்காதீர்கள்.

முதலில் ஜன்னலைத் திறங்கள். பிறகு யாரையாவது துணைக்குக் கூப்பிட்டு, அந்த அலமாரியை நகர்த்திப் பாருங்கள்.