பால் கேஸ் வேண்டாம் என்றேன்

2013-ம் வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். எங்கள் வீடு திண்டிவனத்தில். நான் எம்.பி.ஏ. இரண்டாம் வருடம் படித்தது விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும். இறங்கி, கோலியனூர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்தால் கல்லூரி.

அந்த வருட கேம்பஸ் இன்டர்வியூவில் அதற்குள் இரண்டு கம்பெனிகள் என்னைக் கழித்துவிட்டிருந்தன. ஒன்றில் குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்கவில்லை. இன்னொன்றில் தேவைக்கு மேல் திறந்துவிட்டேன். அப்பா பஜாரில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். தேறவில்லை என்று தெரிந்ததும் அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவர் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அம்மா என் பயோடேட்டாவை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, எடுக்காமலே விட்டிருந்தாள்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. சென்னையிலிருந்து ஒரு டேட்டா அனலிடிக்ஸ் கம்பெனி வருகிறது, முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்குப் பத்து நாள் கழித்து 'கேஸ் இன்டர்வியூ' என்று. கேஸ் என்றால் என்னவென்று எங்கள் வகுப்பில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு வியாபாரத்தில் இருக்கிற சிக்கலைச் சொல்லி, கூடவே எண்கள் நிறைந்த தாளைக் கையில் கொடுத்து, என்ன காரணம், என்ன செய்யலாம் என்று கேட்பார்களாம். எழுத்துத் தேர்வில் எட்டுப் பேர் தேறினோம். நானும் என் தோழியும் அதில் இருந்தோம்.

அவள் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் மாமா வீட்டுச் சம்பந்தத்தை முடித்துவிடுவதாக அவள் அண்ணன் சொல்லியிருந்தார். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொல்லிவிட்டு, வேறு யாரிடமும் சொல்லாதே என்றாள்.

எங்களிடம் புத்தகம் எதுவும் இல்லை. அவளே கேஸ் தயாரிப்பாள். கல்லூரி விட்டதும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், அவள் ஊர் பஸ் வரும்வரை உட்கார்ந்து, ஒருத்தி கம்பெனிக்காரியாகவும் மற்றவள் வேலை கேட்டு வந்தவளாகவும் மாறிமாறிப் பழகினோம். செல்போனில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் எதிரே நின்ற வேர்க்கடலைத் தள்ளுவண்டியைக் காட்டினாள். "அந்த மல்லாட்டை வண்டிய பாரு. போன மாசம் வித்ததுல பாதிதான் இப்ப விக்குது. ஏன்னு சொல்லு."

விலை ஏறியிருக்கும், பக்கத்தில் வேறு வண்டி வந்திருக்கும், சரக்கு சரியில்லை என்று நான் கடகடவென்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பஸ்ஸெல்லாம் அதே எடத்துலதான் நிக்குதான்னு கேட்டியா? சென்னை பஸ்ஸ அந்தாண்ட மாத்திட்டாங்க. இந்தப் பக்கம் ஜனமே வர்றதில்ல. நீ கேள்வியே கேக்காம பதில் சொல்லிக்கினு இருக்க."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் படிந்துவிட்டது, எனக்குப் படியவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மூன்றாவது முறையும் கழிக்கப்பட்டு வீட்டுக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்டர்வியூவுக்கு ஐந்து நாள் முன்னால், சனிக்கிழமை, திண்டிவனம் ஸ்டேஷனில் ஒருவரைப் பார்த்தேன். டிகிரி படிக்கும்போது எனக்கு ஒரு வருடம் சீனியர். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, சென்னையில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனி போன வாரம் அவர்கள் கல்லூரிக்கும் வந்திருந்ததாம். இன்டர்வியூ முடித்தவர்கள் ஞாபகத்திலிருந்து எழுதிவைத்த கேள்வியும் எண்களும் விடையும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் அதன் ஜெராக்ஸ் இரண்டு தாள் என் கைக்கு வந்தது.

"எல்லா காலேஜ்லயும் இதையேதான் கேக்கறாங்களாம். யார்கிட்டயும் காட்டாத," என்றார்.

பன்னிரண்டு டெப்போ வைத்திருக்கும் ஒரு பால் கம்பெனி. மூன்று மாதமாக விற்பனை குறைந்திருக்கிறது, ஏன்? விடையும் கீழேயே இருந்தது. நான்காவது, ஏழாவது, ஒன்பதாவது டெப்போக்களில்தான் சரிவு. பால் வேன் வரும் நேரத்தை மாற்றியதால் ஜனங்கள் வேறு பால் வாங்கிவிட்டார்கள். பழைய நேரத்துக்கே வேனை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஞாயிறு முழுக்க அதை மனப்பாடம் செய்தேன்.

திங்கட்கிழமை ரயிலில் போகும்போது அவளிடம் காட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. முண்டியம்பாக்கம் தாண்டும்போது, எட்டுப் பேரில் எத்தனை பேரை எடுப்பார்கள், இரண்டா மூன்றா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அவளுக்கு இது தேவையே இல்லை, அவள் எப்படியும் தேறிவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது தாள்கள் பையின் அடியில் இருந்தன.

அன்று சாயங்காலம் அவளே ஆரம்பித்தாள். "எங்க ஊரு பால் சொசைட்டிய வச்சு ஒரு கேஸ் போடலாமாடி? சின்ன வயசுல இருந்து அந்தக் கணக்கு நோட்ட பாத்துக்கினு இருக்கேன். எனக்கு அத்துப்படி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"பாலெல்லாம் வராது. பேங்க், ஏர்லைன்ஸ்னுதான் கேப்பாங்க. அத போடு," என்றேன்.

சரி என்றாள். மூன்று நாளும் பேங்க், விமானம் என்றே போனது. கடைசி நாள் என்ன செய்தாள் தெரியுமா? எந்தக் கேஸ் வந்தாலும் எந்த வரிசையில் கேள்வி கேட்கவேண்டும் என்று ஒரு பக்கத்தில் தன் கையெழுத்தில் அழகாக எழுதி, எனக்கென்று தனியாக ஒரு பிரதி எடுத்து வந்து கொடுத்தாள். நான் தேங்க்ஸ் என்றேன்.

இன்டர்வியூ அன்று என் பெயர் ஐந்தாவது, அவளுடையது ஆறாவது. உள்ளே ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். பால் கம்பெனி. பன்னிரண்டு டெப்போ.

அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. யோசிப்பதுபோல் நெற்றியைத் தேய்த்தேன். ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்டேன். பேனாவை எடுத்து ஏதோ கிறுக்கினேன். ஐந்தே நிமிடத்தில் நான்கு, ஏழு, ஒன்பது டெப்போக்கள், வேன் நேரம், தீர்வு என்று எல்லாவற்றையும் சரளமாகச் சொல்லி முடித்தேன். அவ்வளவு நன்றாக நான் ஆங்கிலம் பேசியதே இல்லை.

அந்த அம்மா என் முன்னால் இருந்த தாளில், நான்காவது டெப்போ வரிசையில் பேனா முனையை வைத்தார். அங்கே விற்பனை குறையவில்லை. மூன்று மாதமும் கூடியிருந்தது. ஏழிலும் ஒன்பதிலும் அப்படியே. எண்களை மாற்றியிருந்தார்கள். வேன் என்ற வார்த்தையே அந்தத் தாளில் இல்லை. நான் தாளைப் படிக்கவே இல்லை.

எதையாவது சொல்லி மழுப்பலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா குறுக்கிட்டார். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழில் கேட்டார்: "இந்தக் கேஸை முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் போதும். ஆனால் அதை அவர்கள் நம்பமாட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆமாம் என்றேன். எப்படி வந்தது என்பதையும் சொன்னேன்.

அந்த ஆள் எதையோ எழுதிக்கொண்டே கேட்டார். "இந்தக் காலேஜ்ல வேற யார்கிட்ட இருக்கு? நீங்க யார் கூட பிராக்டிஸ் பண்ணீங்க?"

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தோழி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தது அவள். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தயார் செய்தோம் என்பது கல்லூரிக்கே தெரியும். அவள் உள்ளே வந்து சரியாகச் செய்தாலும், இவளுக்கும் முன்பே தெரியும் என்று அவர்கள் நினைத்தால் முடிந்தது. என்னால் அவளுக்கு இந்த வேலை போய்விடும்.

"என் தோழிகூடதான் பண்ணேன் சார். அவங்கதான் அடுத்து வர்றாங்க. ஆனா அவங்களுக்குத் தெரியாது. நான் காட்டல. அவங்களே பால் கேஸ் போடலாம்னு சொன்னப்ப, வராதுன்னு சொல்லித் தடுத்துட்டேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. செய்தபோது உறைக்காதது, சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா என் முன்னால் இருந்த தாளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். பிறகு, "அவங்களுக்கும் இதே தாளைத்தான் குடுக்கப் போறோம். வெளியில போய் ஒரு வார்த்தை சொல்லாதீங்க," என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "எப்படிடி இருந்துச்சு? ஏன் கண்ணு செவந்து கிடக்குது?"

"ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

நான் இருந்தது கால் மணி நேரம். அவள் உள்ளே போய் அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. விசாரிக்கிறார்களோ, நான் சொன்னதை நம்பவில்லையோ என்று வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தேன். ஜெபம் செய்யலாம் என்றால் அதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "பால் கேஸுடி! ரெண்டு டெப்போவுல சில நாளுக்கு நம்பருக்குப் பதிலா கோடு போட்டு இருந்துச்சு. எங்க சொசைட்டியில மிஷின் ரிப்பேருன்னா நோட்டுல இப்படித்தான் கோடு போடுவாங்க. அன்னிக்குப் பால் வராம இல்ல, எழுதாம விட்டது. அத கேட்டேன். அந்த மேடம் அப்புறம் விடவே இல்ல, கேட்டுக்கினே இருந்தாங்க." கோடு போட்ட நாட்களைப் பூஜ்யமாக வைத்துக் கூட்டியதால்தான் விற்பனை குறைந்ததுபோல் தெரிந்ததாம்.

மாலையில் இரண்டு பெயர் படித்தார்கள். முதல் பெயர் அவளுடையது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கை என் தோளில் இருந்தபோது, இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். அவள் ஊர் பஸ் வந்து நின்றிருந்தது. முழுவதையும் கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

"அன்னிக்குப் பால் கேஸ் வேணாம்னு சொன்னது அதுக்குத்தானா?"

"ஆமா."

"எங்க அண்ணன் சொன்னத உன்கிட்ட மட்டுந்தான்டி சொன்னேன்."

அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பஸ் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாளிலிருந்து வகுப்பில் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பொங்கல் கழித்து, புதுச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ வந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன், செல்போன் அடித்தது. அவள்தான். இன்டர்வியூ இருப்பதை வகுப்பில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"பேப்பர் எடுத்துக்கோ. இருவது நிமிஷம். ஒரு ஆஸ்பத்திரி. ஓ.பி.க்கு வர்ற ஜனம் கொறைஞ்சிருக்கு. கேள்வி கேளு."

பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டேன். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். இருபது நிமிடம் ஆனதும், "இப்ப பரவால்ல. நிதானமா கேளு. வைக்கறேன்," என்று வைத்துவிட்டாள். நலமா என்றுகூட இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வேலை எனக்குக் கிடைத்தது. பெரிய வேலை இல்லை, ஆனால் தாளைப் படித்து வாங்கிய வேலை.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். பேசிக்கொள்கிறோம், பிறந்தநாளுக்கு வாழ்த்திக்கொள்கிறோம், என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து நின்றாள். ஆனால் அவள் கல்யாணம் நிச்சயமானதும், அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் உண்மையை ஒப்புக்கொண்டதற்காக என்னை நானே மெச்சிக்கொண்ட நாட்களும் உண்டு. ஆனால் அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவள் கதவுக்கு வெளியே காத்திருந்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், அவள் என்னை மன்னித்ததும் பழையபடி நம்புவதும் ஒன்றல்ல என்று எனக்கு மறுபடி புரிகிறது.