கேட்காமல் ஒரு சனிக்கிழமை

கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்வார்கள். நான் இரண்டு வாரமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்... இறங்குவதாயில்லை. அதனால் இந்த வாரம் உங்கள் தலையில் இறக்கி வைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பின்னேர வேலைக்குப் போய் ஹன்னாவின் அறைக் கதவைத் திறக்கிறேன் – மனுஷி ஓவர்கோட்டோடு கட்டிலில் படுத்திருக்கிறார். கையைத் தொட்டால் ஐஸ். காலையில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டவர்கள் ஹீற்றரை நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பப் போட மறந்துவிட்டார்கள்.

"யாரிடமும் சொல்லவில்லையா?" என்றேன்.

"சொன்னேனே. 'இங்கே குளிர்கிறது' என்றேன். 'ஆமாம், ஜனவரி' என்றுவிட்டுப் போனாள், காலையில் வந்தவள்."

ஹன்னா யூதப் பெண்மணி. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். சுவிட்சைத் தொட மாட்டார். மின்சாரம் என்பதால் அழைப்பு மணியையும் அமுக்க மாட்டார். சரி, மற்றவரிடம் "போட்டு விடு" என்று சொல்லலாம்தானே? அதுவும் கூடாது! தான் செய்யக்கூடாததைப் பிறரைக் கொண்டு செய்விப்பதும் தவறு என்பது அவர்கள் சட்டம். குளிர்கிறது என்று சாடையாகச் சொல்வதோடு சரி.

இது கடவுளுக்கே டிமிக்கி கொடுக்கிற வேலை அல்லவா என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் பிரிவுத் தலைவி பெரித்திடம் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அவர் கேட்கவில்லை. கேட்காததைச் செய்தால், அது அவருடைய உரிமையில் தலையிடுவது."

சேவை பெறுபவர்தான் முடிவெடுக்க வேண்டும் – இந்த நாட்டில் இது பெரிய கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் ஒரு கிழவியைக் குளிரில் விறைக்க வைத்துவிட்டு, உரிமை என்று பெயர் வைத்தால்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையலறையில் சாந்தி அக்காவிடம் சொன்னேன். ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்துக்காரி, என்னோடு வேலை செய்கிறவர். கையில் இருந்த தட்டை டங்கென்று வைத்தார்.

"கேட்டால்தான் செய்வினமாமோ? எங்கட சனம் பந்தியில இருந்துகொண்டு 'சோறு போடுங்கோ' எண்டு வாய்விட்டுக் கேக்கிறதே? வெறும் இலையைப் பாத்தால் தெரியாதோ உவளுக்கு?"

"ஓம் அக்கா... அதைத்தான் நானும் கேக்கிறன்."

அடுத்த ஞாயிறு ஹன்னாவின் மகள் வந்தார். விஷயத்தைக் கேட்டுப் பதறிப்போனார். "அம்மா, நோயாளிகளுக்கு நம் ஓய்வுநாள் சட்டமே விலக்குத் தருகிறது. நீங்கள் நேராகவே கேட்கலாம்!"

பக்கத்தில் நின்ற பெரித்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பார்த்தீர்களா? இனிமேல் கேளுங்கள், ஹன்னா."

ஹன்னா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் நோயாளி இல்லை. வயதானவள்."

மேலும் தொடர்ந்தார். "ஆறு நாளும் கேட்கிறேன். தண்ணீர் கேட்கிறேன், சட்டை மாட்டிவிடக் கேட்கிறேன், டாய்லெட்டுக்குப் போகக் கேட்கிறேன். ஒரே ஒரு நாள் கேட்காமல் இருக்கிறேன். அதையும் பிடுங்கப் போகிறீர்களா?"

டிமிக்கி என்று நினைத்தேனே! இந்த இல்லத்தில் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை, பிறரைக் கேட்பதுதான். அந்த வேலையிலிருந்துதான் ஓய்வு எடுக்கிறார். கண்ணிருப்பவர்கள் பார்த்துச் செய்தால் என்ன குறைந்துவிடும்?

பெரித் மசியவில்லை. "கேட்டால் செய்வோம்" என்றுவிட்டுப் போனார். கொள்கையாம், கொள்கை!

போகும்போது மகள் என் காதோடு ஒன்று சொன்னார். "நீங்கள் உங்களுக்காக ஏதாவது செய்துகொண்டால் அம்மா அதில் பங்கு எடுக்கலாம். அதற்குத் தடையில்லை."

போன சனிக்கிழமை. மறுபடியும் ஜன்னல் திறந்து மூடிய அறை, மறுபடியும் குளிர்ந்த ஹீற்றர். ஹன்னா ஒன்றும் சொல்லவில்லை. சால்வையை மட்டும் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"அப்பப்பா... எனக்கு என்ன குளிர்!" என்று உரக்கச் சொன்னேன். ஹீற்றரைத் திருகினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஹன்னா என்னைப் பார்த்தார். "பாவம், உனக்குத்தான் இந்த நாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளாதே" என்றார். சால்வை மெல்லக் கீழே இறங்கியது.

கதவில் பெரித்தின் தலை தெரிந்தது. "ஹன்னா கேட்டாரா?"

"இல்லை. எனக்குத்தான் குளிர்ந்தது."

மூன்று அறைகளில் கட்டில் விரிப்பு மாற்றிவிட்டு வந்த எனக்கு, முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது!