ரிக் வண்டிச் சுவாஹிலி

புதுச்சத்திரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் எங்கள் சபை. உள்ளூர்க்காரர்களான எங்களோடு கோழிப்பண்ணைகளில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பங்களும், நர்சிங் படிக்க வந்த மிசோரம் பெண்களும், மலையாள நர்ஸ் ஒருவரும் அங்கே வருவார்கள். போதகர் தமிழில் பேசப் பேச ஒருவர் இந்தியிலும் இன்னொருவர் ஒடியாவிலும் சொல்வார்கள். அதனால் போதகர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சிரிப்பு மூன்று தவணையாக வரும். கடைசித் தவணை வரும்போது அவர் நரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு ஆராதனையில், இத்தனை ஊர்க்காரர்களை நம்மிடம் அனுப்பிய கர்த்தர் நம்மை எங்கேயும் அனுப்பாமல் விடுவாரா என்று அவர் கேட்டார். தான்சானியாவில் ஒரு சபை, இரண்டு வாரம் தங்கி ஊழியம் செய்ய இரண்டு பேரை அழைத்திருந்தது. யார் போகிறீர்கள் என்றதும் கொட்டகை முழுக்கக் கைகள் உயர்ந்தன. பாஸ்போர்ட் இருப்பவர்கள் மட்டும் என்றார். இரண்டு கைகள் மிஞ்சின. ஒன்று என்னுடையது, மற்றது என் மனைவியுடையது. சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தியாளைப் பார்க்க எடுத்து, போகாமலே விட்டுவிட்ட பாஸ்போர்ட்டுகள் அவை. கோழித்தீவன ஆலையில் மேஸ்திரியாக இருந்த நான் அப்படித்தான் மிஷனெரி ஆனேன்.

உடனே பயிற்சி ஆரம்பமானது. போகிற இடத்தில் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும் என்பது போதகர் மனைவியின் கட்டளை. வாரம் ஒரு வீட்டில் எங்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். மிசோரம் பெண்கள் நொதிக்கவைத்த சோயாவைச் சுடச்சுடக் கொண்டுவந்தார்கள். அந்த வாசம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சாக்கடை எதுவும் உடைந்துவிட்டதா என்று விசாரித்தார். ஒடிசாக் குடும்பம் சிவப்பெறும்புத் துவையல் வைத்தது. என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டது குற்றம் என்று தீர்ப்பாகி, மறுபடியும் சாப்பிட வேண்டியதாயிற்று.

அடுத்தது மொழி. சபையில் சுவாஹிலி தெரிந்தவர் யாரும் இல்லை. திருச்செங்கோட்டில் எனக்குப் பழக்கமான ஒருவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு தான்சானியாவில் மூன்று வருஷம் இருந்தவர். சபைக்கு வருகிறவர் இல்லை என்றாலும், கேட்டதும் ஆர்வமாக ஒத்துக்கொண்டார். வரவேற்க என்ன சொல்வது, வணக்கத்துக்கு என்ன சொல்வது என்றெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிதானம் எனக்கு இல்லை. கூட்டத்தின் முன்னால் போய் நின்றதும் அங்கே என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"கூட்டத்தப் பாத்தா மொதல்ல 'ரூடி நியூமா'ன்னு சொல்லுவோமுங்க. அப்பறம் நிறுத்தோணும்னா 'சிமாமா'. இந்த ரெண்டு போதுங்க, நான் மூணு வருஷம் ஓட்டீட்டேன்" என்றார்.

ஆலைக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரண்டையும் மனப்பாடம் செய்தேன்.

தான்சானியா போன முதல் ஞாயிறு, எங்கள் கொட்டகையைப் போல மூன்று மடங்கு பெரிய கோயில். பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. என் அரைகுறை ஆங்கிலத்தை மொழிபெயர்க்க அந்த ஊர்ப் போதகர் பக்கத்தில் நின்றார். முதல் வார்த்தை அவர்களுடைய மொழியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்த நான், கை கூப்பி, முகம் நிறையச் சிரித்து, "ரூடி நியூமா" என்றேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து இரண்டாம் வரிசைக்குப் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் அன்பாக, இன்னும் சத்தமாகச் சொன்னேன். இரண்டாம் வரிசையும் காலியானது. மூன்றாம் முறை சொன்னபோது ஒரு கிழவி தன் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கே நடந்துவிட்டாள். பதறிப்போய், எல்லாரும் நகருவதை நிறுத்தட்டும் என்று "சிமாமா" என்று கத்தினேன். அந்த வார்த்தைக்கு எழுந்து நில் என்றும் அர்த்தமாம். மொத்தக் கோயிலும் எழுந்து நின்றது.

போதகர் என் மனைவியின் காதில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, அவியளப் பின்னால போ, பின்னால போன்னு தொரத்தறீங்களாமா."

போர் போடும்போது வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்திடம் சொல்கிற வார்த்தை அது. போதகர் விஷயத்தை விளக்கியதும் சிரிப்பு கூரையைத் தூக்கியது. கிழவியை வாசலிலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, வேண்டுமென்றே என் மூக்குக்கு நேரே உட்காரவைத்தார்கள். பிரசங்கம் முடியும்வரை அவள் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். அதன் பிறகு இரண்டு வாரமும் எந்த வீட்டுக்குப் போனாலும், ஜெபத்துக்கு முன் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். என் பிரசங்கத்தை யாரும் கேட்டதாக நினைவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

கிளம்பும் முன் அந்தப் போதகர் ஒரு செய்தி சொன்னார். தங்கள் சபையும் வெளிநாட்டுக்கு ஒரு மிஷனெரியை அனுப்ப வெகுநாளாக ஜெபித்துக்கொண்டிருந்ததாம், எங்களைப் பார்த்ததும் எந்த நாட்டுக்கு உடனடித் தேவை என்பது புரிந்துவிட்டதாம்.

அப்படி வந்து சேர்ந்தார் அவர்களுடைய பாடகர் குழுத் தலைவி. ஆறடிக்குக் குறையாத உயரம். எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்க, ஆசாரியிடம் சொல்லி நீளமான கட்டில் செய்தோம். தமிழ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை. பத்தே நாளில் அந்த அம்மா சாலையோர டீக்கடையில் நின்று, "ஏனுங்க, சக்கரை கம்மியா போடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். ஒடிசாப் பிள்ளைகளும் மிசோரம் பெண்களும் அவர் சொல்லிக்கொடுத்த பாட்டைத் தாளம் தட்டிப் பாடினார்கள்.

திரும்பிப் போகும் அன்று கோவை விமான நிலையத்தில் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க சாமி" என்றார். வாசலில் டிக்கெட்டைச் சரிபார்த்த காவலரிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கட்டிலைப் பிரிக்க ஸ்பேனரை எடுத்தேன்.

"வாரேன்னு சொல்லீட்டுத்தானுங்க போயிருக்கறாங்க" என்றாள் என் மனைவி.

பிரிக்கவில்லை. மத்தியானத்தில் இப்போது நான்தான் அதில் படுத்துக்கொள்கிறேன். கால் நீட்டப் பிரமாதமான கட்டில்.