விழாத கை

இருபத்திரண்டு வருடக் கொத்து வேலையில் அந்தக் கொத்தனார் கட்டிய சுவர் ஒன்றில்கூட விரிசல் விழுந்ததில்லை. சாப்பாட்டு மேசை ஆடினாலும் பையிலிருந்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதனால் ஊரில் அவர் பெயரே ரசமட்டம் ஆகிப்போனது.

கட்டட வேலை கொஞ்ச நாள் நின்றிருந்த சமயத்தில்தான் தொலைக்காட்சிப் படக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். வேற்றுக் கிரகத்தார் நாலாயிரம் வருடத்துக்கு முன்பு புதைத்து வைத்த இயந்திரங்கள்தான் பழங்காலச் சின்னங்களெல்லாம். ஒன்று விழித்துக்கொண்டதும் மற்றவை வரிசையாக இடிந்து விழுகின்றன. படத்தின் கதை அவ்வளவுதான். இடிந்து விழுவதற்கான சின்னங்களை மேசை உயரத்துக்குக் கட்டித் தருவது அவர் பொறுப்பு.

முதலில் பிரமிடு கட்டினார். மேசைக்கு அடியில் இருந்த மோட்டாரை ஓட்டிக் குலுக்கினார்கள். மேசையின் கால் ஒன்று முறிந்தது. பிரமிடு அசையவில்லை.

இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணே, வானத்துலேந்து கதிர் வருது, உலகமே நடுங்குது. உங்க பிரமிடு மட்டும் நல்லாத் தூங்குது."

"பலமா இருக்கு தம்பி."

"அதாண்ணே பிரச்சினை. வியாழக்கிழமை கோபுரம். அதுவும் நின்னுச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். தப்பா நினைக்காதீங்க."

ஒரு வேலையிலிருந்தும் அவரை யாரும் அனுப்பியதில்லை. அதுவும் நன்றாகக் கட்டியதற்காக அனுப்புவார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சிமெண்டைக் குறைச்சுப் போடுங்களேன்" என்றாள்.

"குறைச்சுத்தான் போடறேன். கை தானா இன்னொரு பிடி அள்ளிப் போட்டுடுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் கிடந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அளவு பார்ப்பதற்காகக் கைப்பகுதியைப் பெரிய பெரிய தையலாக ஓட்டி வைத்திருந்தாள். "பாத்தா கெட்டியாத்தானே இருக்கு? இந்த முனையை இழுங்க."

இழுத்தார். நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. கை தனியாக, சட்டை தனியாக விழுந்தது.

"பிரிக்கறதுக்குன்னே தைக்கறதுக்கும் கணக்கு இருக்குங்க. அரைகுறையாத் தைச்சா பாதியிலயே மாட்டிக்கும்."

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. மறுநாள் கலவையைத் தொடவே இல்லை. கல்லுக்குக் கல் நடுவே மெல்லிய மர ஆப்பு வைத்தார். எல்லா ஆப்புகளையும் ஒரே தூண்டில் நரம்பில் கோத்து, முனையை மேசைக்கு அடியில் விட்டார். வரிசைக்கு வரிசை ரசமட்டம் வைத்தார். விழப்போகிற கோபுரமாக இருந்தால் என்ன, கோணலாக நிற்க விடலாமா?

வியாழக்கிழமை வந்தது. இயக்குநர் கையைக் காட்டினார். கொத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு நரம்பை இழுத்தார். சத்தம் அடங்கிய பிறகு திறந்து பார்த்தால் மேசை முழுக்கக் கல். ஆளாளுக்குக் கை தட்டினார்கள்.

"அண்ணே, அடுத்த படத்துக்கும் நீங்கதான்" என்றார் இயக்குநர்.

அவர் குனிந்து கற்களை விலக்கிப் பார்த்தார். "அடித்தளம் மட்டும் அப்படியே இருக்கு தம்பி" என்றார் மெதுவாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் ஒளிபரப்பானது. மதில் சுவர் கட்டித் தரச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அக்காவும் பார்க்க வந்திருந்தார். திரையில் கோபுரம் பொலபொலவென்று சரிந்தது.

"இது யார் கட்டினது?"

"இவர்தான்" என்றாள் மனைவி, பெருமை தாங்காமல்.

அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "தம்பி, மதிலை அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

"உக்காருங்கக்கா, இன்னும் முடியல" என்றார் அவர்.

திரையில் உலகம் மொத்தமும் இடிந்து கிடந்தது. புழுதி விலகியது. நடுவில் பிரமிடு மட்டும் ஒரு கல்கூடப் பிசகாமல் நின்றது. விழாத பொருளை வைத்து இயக்குநர் கதையையே மாற்றியிருந்தார்.

அக்கா திரும்ப உட்கார்ந்தார். "அந்தப் பிரமிடு கட்டின கையால கட்டிக் குடுப்பா" என்றார்.